மரக்காலும் வெள்ளித்திரையும்

"இது உண்மைக் கதை" என்னும் மூன்று சொற்கள் வெள்ளித்திரையில் தோன்றிய மாத்திரத்தே பார்ப்போரின் மனநிலை மாறிவிடுகிறது. கற்பனைக் கதையாயின், "இப்படியும் நடக்குமா?" என்று ஐயுறும் உரிமை அவர்களுக்கு உண்டு. உண்மைக் கதை என்று கூறிவிட்டாலோ அந்த உரிமையை அவர்கள் தாமாகவே கைவிட்டுவிடுகின்றனர். கண்ணீர் வருமிடத்தில் தயக்கமின்றிக் கண்ணீர் வடிக்கின்றனர். கைதட்ட வேண்டிய இடத்தில் கைதட்டுகின்றனர். ஆதலால், அந்த மூன்று சொற்களையும் திரையிற் பொறிப்பவர் ஒரு கடனைத் தலைமேல் ஏற்றுக்கொள்கிறார். அக்கடன் எவ்வளவுக்குத் தீர்க்கப்பட்டது என்று கணக்குப் பார்ப்பது வரலாறு கற்போரின் வேலை.

உடலுறுப்பை இழந்தும் தளராத விளையாட்டு வீரர்களைப் பற்றிய படங்களில் இக்கணக்கைப் பார்ப்பது ஓரளவு எளிது. அரசர்களையும் போர்களையும் பற்றிய கதைகளிலே சான்றுக்குச் சான்று முரண்படும். விளையாட்டிலோ ஆட்டத்தின் முடிவு, ஓடிய தூரம், நீந்திய நேரம் யாவும் அன்றன்றே எழுதி வைக்கப்படுகின்றன. படம் எந்த இடத்தில் காலத்தைச் சுருக்கிற்று, யாரைக் கதையிலிருந்து நீக்கிற்று, எந்த இடத்திலே திரையை மூடிக்கொண்டது என்பவற்றை அந்த ஏடுகளோடு ஒப்பிட்டுக் காணலாம்.

இவ்வகைப் படங்களுள் முன்னோடியாக எண்ணத்தக்கது 1949 இல் ஹொலிவூட்டில் வெளிவந்த "ஸ்ட்ராட்டன் கதை" ஆகும். சாம் வூட் நெறிப்படுத்திய இப்படத்தில் கதாநாயகராக ஜேம்ஸ் ஸ்டுவர்ட்டும் அவர் மனைவியாக ஜூன் அலிசனும் நடித்தனர். கதைக்குரிய மொன்டி ஸ்ட்ராட்டன் அப்போது உயிரோடு இருந்தார். படப்பிடிப்பின்போது ஆலோசகராக உடனிருந்து, பந்தெறியும் முறையை ஸ்டுவர்ட்டுக்குக் கற்பித்தவரும் அவரே.

பேஸ்போல் என்னும் விளையாட்டு நம் நேயர்களுட் பலருக்கு அவ்வளவு பழக்கமானதன்று. கிறிக்கெட்டிற் போலவே அதிலும் ஒருவர் பந்தை எறிய மற்றவர் மட்டையால் அடிப்பர். ஆனால் பந்தெறிபவர் ஓடிவந்து எறிவதில்லை. சற்றே உயர்த்தப்பட்ட ஒரு மண்மேட்டில் நின்று, பின்காலை ஊன்றி, முழு உடலின் பாரத்தையும் அந்தக் காலிலிருந்து முன்னே தள்ளி எறிகிறார். வலக்கையால் எறிபவருக்கு ஊன்றுகால் வலக்காலே. பந்தின் வேகம் பிறப்பது தோளில் என்று பார்ப்போர் எண்ணுவர். அறிந்தோர் அது காலிற் பிறக்கிறது என்பர். டெக்சஸ் மாநிலத்துக் குடியானவர் வீட்டுப் பிள்ளையாகிய ஸ்ட்ராட்டன் வலக்கையால் எறிபவர். ஆறடி ஐந்தங்குல உயரமுடையவர். 1934 இல் சிக்காகோ வைட் சொக்ஸ் குழுவிற் சேர்ந்து, 1937 இல் 15 வெற்றிகளையும் 1938 இல் மேலும் 15 வெற்றிகளையும் தம் பெயரிற் பதிந்துகொண்டார். அவ்வேளையில் அவருக்கு வயது இருபத்தாறு.

அவ்வாண்டு நவம்பர் 27 ஆந் திகதி, ஆட்டக்காலம் முடிந்து ஊருக்கு வந்திருந்தவர், பண்ணை நிலத்தில் முயல் வேட்டைக்குப் போனார். போன இடத்திற் கால் தவறி விழ, இடுப்பிற் செருகியிருந்த கைத்துப்பாக்கி வெடித்தது. குண்டு வலக்காலின் பெருநாடியைச் சிதைத்தது. மறுநாள் மருத்துவர்கள் அக்காலை வெட்டி அகற்றினர். எந்தக் காலை ஊன்றிப் பந்தெறிந்தாரோ அந்தக் காலே போயிற்று.

இதன்பின் நடந்தவற்றைப் படம் சொல்லும் விதம் வேறு. ஏடுகள் சொல்லும் விதம் வேறு. படத்தில், கால் இழந்தவர் தம் மனைவியோடும் பேசாமல், யாரையும் பார்க்க விரும்பாமல், நாற்காலியிலே முடங்கிக் கிடக்கிறார். வீட்டிலே அவருடைய பச்சிளம் புதல்வன் அப்போதுதான் நடக்கப் பழகுகிறான். விழுகிறான், எழுகிறான், மறுபடியும் விழுகிறான். அதைப் பார்த்திருந்த தந்தையும் மரக்காலைப் பூட்டிக்கொண்டு மைந்தனோடு நடை பழகத் தொடங்குகிறார். பின்னர் வீட்டு முற்றத்தில் மனைவி பந்தைப் பிடிக்க, கணவர் எறிந்து பழகுகிறார். ஈற்றில் ஒரு பெரிய ஆட்டம். அதிலே எதிரணியினர் பந்தை ஓங்கி அடிக்காமல், மட்டையால் மெல்லத் தட்டி அவருடைய காலடிக்கு அண்மையில் உருளவிடுகின்றனர். மரக்காலோடு ஓடிக் குனிந்து எடுக்க இயலாது என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு பிழைக்கிறது; படமும் முடிகிறது.

தந்தையும் மகனும் சேர்ந்து நடை பழகும் அந்தக் காட்சியைப் பார்த்தோர் எளிதில் மறப்பதில்லை. அது குறை கூறத்தக்க காட்சியுமன்று. ஆனால் காலக்கணக்கைப் பாருங்கள். விபத்து நிகழ்ந்தது 1938 இல். 1939 மே மாதம் முதலாந் திகதி, சிக்காகோவின் இரு குழுக்களும் ஸ்ட்ராட்டனுக்கு உதவி நிதி திரட்டுவதற்காகவே ஓர் ஆட்டம் ஆடின. ஏறத்தாழ 28,000 டொலர் சேர்ந்தது. அன்று ஸ்ட்ராட்டன் மரக்காலோடு மேட்டிலேறிச் சில பந்துகளை எறிந்து காட்டினார். அவருடைய குழு அவரைக் கைவிடாமல் பயிற்சியாளராக வைத்துக்கொண்டது. பின்னர் உலக யுத்தம் வந்தது. படையிற் சேர முயன்றார், ஏற்றுக்கொள்ளப்படவில்லை. ஊரிலே தாமே ஒரு சிறு குழுவை அமைத்து ஆடினார். சம்பளம் பெறும் ஆட்டக்காரராக அவர் மறுபடியும் மேட்டில் நின்றது 1946 இலே, கிழக்கு டெக்சஸ் சங்கத்தின் ஷேர்மன் குழுவில். அந்த ஒரு பருவத்தில் 18 வெற்றி, 8 தோல்வி.

இடையே கழிந்தவை ஏழு ஆண்டுகளுக்கு மேல். அந்த ஏழாண்டுகளையும் படம் சில காட்சிகளுக்குள் அடக்கிவிட்டது. மேலும், ஸ்ட்ராட்டன் திரும்பிச் சென்றது முன்பு ஆடிய பெருஞ் சங்கத்துக்கன்று; அதற்குப் பல படிகள் கீழே உள்ள ஒரு சிற்றூர்ச் சங்கத்துக்கே. பேரரங்கில் ஆடியவர் சிற்றரங்கில் ஆடச் சம்மதிப்பதற்கு வேண்டிய மனத்திண்மை, எதிரணியினர் உருட்டிவிட்ட பந்தைக் குனிந்து எடுப்பதற்கு வேண்டிய திண்மையிலும் குறைந்ததா? ஒரே ஆட்டத்தில் கிடைத்த ஆரவாரத்தைப் படம் பெரிதாகக் காட்டிற்று. ஒரு பருவம் முழுவதும் ஊர் ஊராகச் சென்று ஆடிய உழைப்பு அதிற் காணப்படவில்லை. உண்மையிலே பெரிது பின்னையதே.

இப்படம் வெளிவந்த காலத்தையும் நினைவிற் கொள்ளவேண்டும். போர் முடிந்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. கையிழந்தும் காலிழந்தும் வீடு திரும்பிய இளைஞர்கள் அமெரிக்காவின் ஊர்தோறும் இருந்தனர். 1946 இல் வெளிவந்து புகழ் பெற்ற "நம் வாழ்வின் சிறந்த ஆண்டுகள்" என்னும் படத்தில், இரு கைகளையும் இழந்த ஹரல்ட் ரசல் என்னும் போர்வீரரே, கையிழந்த மாலுமியாக நடித்து ஒரே வேடத்துக்கு இரண்டு ஒஸ்கார் பரிசுகளைப் பெற்றார். அது விளையாட்டு வீரர் கதையன்று. ஆயினும், உறுப்பிழந்தவரின் உடலை உறுப்பிழந்தவரே திரையிற் காட்டலாம் என்பதற்கு அது சான்றாயிற்று. மூன்றாண்டு கழித்து வந்த ஸ்ட்ராட்டன் படத்தில் இரு காலும் உடைய ஸ்டுவர்ட் நடித்தார். அவர் நடிப்பிற் குறை காண்பார் இலர். கதையாசிரியர் டக்ளஸ் மொரோவுக்கு ஒஸ்கார் பரிசும் கிடைத்தது. ஆனால் எவருடைய உடல் எவருடைய துன்பத்தைக் காட்டுகிறது என்னும் கேள்வி அன்றே எழுந்துவிட்டது. அக்கேள்வி கனடா நாட்டுக் கதையொன்றில் மறுபடியும் தோன்றுவதைப் பின்னர்க் காண்போம்.

ஸ்ட்ராட்டன் களத்துக்குத் திரும்பினார். திரும்பவே முடியாதவர்களின் கதை யாது? 1975 இல் வெளிவந்த "மலையின் மறுபக்கம்" என்னும் படம் அத்தகைய ஒருவரைப் பற்றியது. கலிபோர்னியாவைச் சேர்ந்த ஜில் கின்மொன்ட் என்னும் யுவதி பனிச்சறுக்கு விளையாட்டில் அமெரிக்காவின் தேசிய வீராங்கனை. 1955 ஜனவரி 30 ஆந் திகதி, யூட்டா மாநிலத்தின் அல்டா என்னுமிடத்தில் நடந்த போட்டியில் விழுந்து கழுத்தெலும்பு முறிந்தது. தோளுக்குக் கீழே உடல் முழுவதும் செயலிழந்தது. அப்போது அவருக்குப் பதினெட்டு வயது. அந்த வாரத்துக்குரிய புகழ்பெற்ற விளையாட்டுச் சஞ்சிகை ஒன்றின் அட்டையை அலங்கரித்தது அவருடைய படமே.

இக்கதையிலே இறுதி ஆட்டம் இல்லை, மரக்காலும் இல்லை. மறுபடியும் பனிமலையிற் சறுக்குவது எவ்வகையிலும் இயலாத காரியம். அப்பெண் பட்டப்படிப்பை முடித்தார். ஆசிரியப் பயிற்சிக்கு விண்ணப்பித்த இடத்தில், சக்கர நாற்காலியில் இருப்பவர் என்னுங் காரணத்தால் இடமளிக்கப்படவில்லை. ஒரு வாசல் அடைக்கப்பட மற்றொரு வாசலைத் தேடிச் சென்று, வேறு மாநிலத்துப் பல்கலைக்கழகத்திற் பயிற்சி பெற்று ஆசிரியையானார். பின்னர்த் தம் ஊராகிய பிஷப்பிலே, கற்பதில் இடர்ப்படும் பிள்ளைகளுக்கு 1996 இல் ஓய்வு பெறும்வரை கற்பித்தார். மலைச்சரிவில் அவர் பெற்ற வெற்றிகள் சில ஆண்டுகளுக்குரியவை. வகுப்பறையில் அவர் இருந்தது அதனினும் பன்மடங்கு காலம். படமோ, அவரை விரும்பிய சறுக்கு வீரர் ஒருவர் விமான விபத்தில் இறந்துபட்ட சோகத்துக்கே அதிக இடம் அளித்தது. காதலும் மரணமும் நுழைவுச்சீட்டை விற்கும். கரும்பலகை விற்காது என்று எண்ணினர் போலும். எனினும், இழந்ததைத் திரும்பப் பெறாமலே ஒருவர் நிறைவாக வாழ முடியும் என்பதைத் திரையிற் கூறிய அளவில் இப்படத்துக்கு ஒரு தனியிடம் உண்டு.

இனிக் கனடாவுக்குச் செல்வோம். டெரி பொக்ஸ் என்னும் இளைஞரைப் பற்றி ஒன்றல்ல, இரண்டு படங்கள் எடுக்கப்பட்டன. ஒரே வாழ்க்கையை இருவகையாகச் சொல்லலாம் என்பதற்கு இவ்விரு படங்களும் எடுத்துக்காட்டு.

பதினெட்டாம் வயதில், 1977 இல், எலும்பிற் புற்றுநோய் கண்டு டெரியின் வலக்கால் முழங்காலுக்கு மேலே அகற்றப்பட்டது. மருத்துவமனையில் உடனிருந்த நோயாளிகளின், விசேடமாகச் சிறுவர்களின், துன்பம் அவர் மனத்தைவிட்டு அகலவில்லை. புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி சேர்ப்பதற்காகக் கனடாவின் கீழ்க்கரையிலிருந்து மேல்கரைவரை ஓடுவதென்று தீர்மானித்தார். 1980 ஏப்ரல் 12 ஆந் திகதி, சென் ஜோன்ஸ் நகரில் அத்திலாந்திக் சமுத்திரத்திற் செயற்கைக் காலைத் தோய்த்துவிட்டு ஓடத் தொடங்கினார். நாளொன்றுக்கு ஏறத்தாழ 42 கிலோமீற்றர். அதாவது, நாள்தோறும் ஒரு மரதன் ஓட்டம்.

அவர் ஓடிய முறையைச் சற்று விவரிக்க வேண்டும். அக்காலத்துச் செயற்கைக் கால் நடப்பதற்கென அமைந்தது, ஓடுவதற்கன்று. அதன் மூட்டிலுள்ள சுருள்வில் பழைய நிலைக்கு மீள்வதற்குச் சிறிது நேரம் பிடிக்கும். அந்நேரத்தைக் கொடுப்பதற்காக, நல்ல காலால் ஒருமுறை மிதித்து, அதே காலால் மீண்டும் ஒரு துள்ளல் துள்ளிய பின்னரே செயற்கைக் காலை முன்வைப்பார். ஆதலால் அவருடைய இடக்கால் இரட்டிப்பு வேலை செய்தது. வெட்டுண்ட காலின் நுனி செயற்கைக் காலின் கிண்ணத்தில் உராய்ந்து புண்ணாகிக் குருதி கசியும். பனியிலும் மழையிலும் எதிர்க்காற்றிலும், நண்பர் டக் அல்வார்ட் ஒரு வண்டியை ஓட்டித் துணைவர, இவ்வாறு 143 நாட்கள் ஓடினார்.

வண்டிக்குள்ளே இரு இளைஞர்கள் மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தால் யாது நிகழும்? சண்டை நிகழும். டெரியும் டக்கும் ஒருவரோடொருவர் பேசாத அளவுக்குப் பிணங்கினர். பெற்றோர் வந்து சமாதானம் செய்ய நேர்ந்தது. பின்பு தம்பி டரலும் வந்து சேர்ந்துகொண்டார். 1983 இல் வெளிவந்த "டெரி பொக்ஸ் கதை" என்னும் படம் இந்தச் சினத்தையும் பிணக்கையும் மறைக்கவில்லை. தாமும் ஒரு காலை இழந்தவராகிய எரிக் பிரயர் டெரியாக நடித்தார். பெயர் பெற்ற நடிகரான ரொபேர்ட் டுவால், ஓட்டத்துக்கு ஆதரவு திரட்டிய புற்றுநோய்ச் சங்க அலுவலராகத் தோன்றினார். கனடாவின் திரைப்பட விருதுகளில் சிறந்த படத்துக்கும் சிறந்த நடிகருக்கும் உரியவை இப்படத்துக்கே கிடைத்தன. ஆனால் டெரியின் குடும்பத்தார் மகிழவில்லை. தம் பிள்ளையை இத்துணைக் கோபக்காரனாகக் காட்டியது அவர்களுக்கு வருத்தமளித்தது.

2005 இல் கனடியத் தொலைக்காட்சி நிறுவனமொன்று "டெரி" என்னும் இரண்டாவது படத்தைத் தயாரித்தது. இதில் டெரியின் குணவியல்பு கனிவோடு தீட்டப்பட்டது. குடும்பத்தாரும் இதனை ஏற்று ஆதரித்தனர். இதில் நடித்த ஷோன் அஷ்மோர் இரு கால்களும் உடையவர். அவருடைய காலின்மேற் செயற்கைக் காலின் உருவத்தைக் கணினியின் உதவியால் ஒட்டிக் காட்டினர்.

இவ்விரண்டில் எது மெய்? பெற்ற வயிற்றின் துயரம் மதிக்கத்தக்கது. மறைந்த மகனைப் பற்றி ஒரு சுடுசொல்லும் கேட்கத் தாய்மனம் ஒப்பாது. ஆயினும் வரலாறு கற்போர் முதற் படத்தின் பக்கமே நிற்பர். நாள்தோறும் 42 கிலோமீற்றர் குருதி கசியக் கசிய ஓடும் இருபத்தொரு வயது இளைஞர் ஒருபோதும் சினவாதிருந்தார் என்றால், அவர் மனிதரல்லர் என்றாகிவிடும். மனிதரல்லாத ஒருவர் ஓடியதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது? சினந்தும், நண்பரோடு பகைத்தும், பின் உறவாடியும், மறுநாள் விடியுமுன்னே மீண்டும் எழுந்து ஓடினார் என்பதே அவர் பெருமை. முதற் படத்தில் பிரயர் ஓடும்போது அந்த இரட்டைத் துள்ளலில் நடிப்பு குறைவு, நிஜம் அதிகம்.

அந்த ஓட்டம் முற்றுப்பெறவில்லை. 5,373 கிலோமீற்றர் கடந்த நிலையில், செப்டெம்பர் முதலாந் திகதி, தண்டர் பே நகருக்கு அருகே மூச்சடைத்து நின்றுவிட்டார். நோய் நெஞ்சுக்குப் பரவியிருந்தது. கனடிய மக்கள் ஆளுக்கொரு டொலர் தரவேண்டும் என்பது அவர் கேட்டது. 1981 பெப்ருவரியில் சேர்ந்த தொகை 240 இலட்சம் டொலரைத் தாண்டிற்று. அக்காலத்துக் கனடாவின் குடித்தொகையும் ஏறக்குறைய அதுவே. அவ்வாண்டு ஜூன் 28 ஆந் திகதி, இருபத்துமூன்றாம் பிறந்த நாளுக்கு ஒரு மாதம் இருக்கையில், டெரி காலமானார். மேல்கரைச் சமுத்திரத்தை அவர் கால் தொடவில்லை. வெற்றியில் முடிவதே விளையாட்டுப் படம் என்னும் ஹொலிவூட் வழக்கத்தை இக்கதை தானாகவே உடைத்துவிட்டது.

இதுவரை கூறிய கதைகளில் எல்லாம் வீரரின் மனவுறுதியே முன்னணியில் நிற்கிறது. இங்கேதான் இவ்வகைப் படங்களில் ஒரு தீங்கும் மறைந்திருக்கிறது. மனவுறுதி ஒன்றே போதும் என்று மீண்டும் மீண்டும் கேட்டுப் பழகிய சமுதாயம், எழுந்து நடக்காத ஒருவரைப் பார்த்து, "உனக்கு உறுதி போதாது" என்று கூறத் தொடங்கும். காலுக்குப் பூட்டும் கருவியில்லாதவரை, மருத்துவமனைக்குப் போக வண்டியில்லாதவரை, படிக்கட்டு உள்ள பள்ளிக்கூடத்து வாசலில் நின்று திரும்பும் பிள்ளையை, குற்றவாளியாக்கும் பேச்சு அது. ஸ்ட்ராட்டனுக்கு 28,000 டொலர் திரட்டிக் கொடுத்த சக ஆட்டக்காரர்கள் இருந்தனர். டெரிக்கு வண்டியோட்டிய நண்பர் இருந்தார். அத்துணை ஏதும் இல்லாதவருக்கு உறுதியிருந்து ஆவதென்ன?

இவ்வினாவுக்கு விடை தருவது போல் அமைந்த படம், 2012 இல் பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் தயாரித்த "மனிதருட் சிறந்தோர்" என்பது. இதன் நாயகர் விளையாட்டு வீரரே அல்லர், ஒரு மருத்துவர். ஜேர்மனியிலிருந்து 1939 இல் இங்கிலாந்துக்கு அகதியாக வந்த யூதராகிய டொக்டர் லுட்விக் குட்மன், 1944 பெப்ருவரியில் ஸ்டோக் மண்டவில் மருத்துவமனையில் முதுகுத்தண்டு முறிந்தோருக்கான பிரிவின் தலைவரானார். அந்நாளில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர் நீண்ட காலம் பிழைப்பாரென எவரும் எதிர்பார்க்கவில்லை. அவர்களைக் கொன்றது முதுகுத்தண்டின் முறிவன்று. படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும். குட்மன் செய்த முதல் வேலை மிகச் சாதாரணமானது: இரவும் பகலும், இரண்டு மணிக்கு ஒருமுறை, ஒவ்வொரு நோயாளியையும் புரட்டிப் படுக்கவைத்தல். புண் ஆறிற்று, உயிர் நின்றது. உயிர் நின்ற பின்னரே விளையாட்டு வந்தது. எடி மார்சன் குட்மனாக நடித்த இப்படத்தில், தாதியர் நோயாளிகளைப் புரட்டும் காட்சிகளுக்கு இடமளித்ததை மெச்ச வேண்டும். பதக்கங்களுக்குப் பின்னே இருக்கும் இந்த வேலையைக் காட்டிய படங்கள் மிகச் சில.

1948 ஜூலை 29 ஆந் திகதி இலண்டனில் ஒலிம்பிக் விழா தொடங்கிய அதே நாளில், ஸ்டோக் மண்டவில் புற்றரையில் சக்கர நாற்காலியில் இருந்த பதினாறு பேர் வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டனர். பன்னிரண்டு ஆண்டுகளில் அச்சிறு போட்டி ரோமாபுரிவரை சென்றது. 1960 இல் அங்கே கூடியோர் ஏறத்தாழ 400 பேர். பரா ஒலிம்பிக் என இன்று அழைக்கப்படும் விழாவின் தொடக்கம் இதுவே.

அந்த விழாவில் இந்தியாவுக்கு முதன்முதலாகத் தங்கப் பதக்கம் ஈட்டித் தந்தவர் முரளிகாந்த் பேட்கர். மகாராட்டிர மாநிலத்துச் சாங்லிப் பகுதியைச் சேர்ந்த இவர் இந்தியப் படையிலே தொழில்நுட்பப் பிரிவிற் பணியாற்றிய குத்துச்சண்டை வீரர். 1965 ஆம் ஆண்டு இந்திய - பாக்கிஸ்தான் யுத்தத்தில் துப்பாக்கிக் குண்டுகள் பாய்ந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். மும்பையில் உள்ள கடற்படை மருத்துவமனையில், உடற்பயிற்சிக்காகவே அவரை நீரில் இறக்கினர். குட்மன் ஸ்டோக் மண்டவில்லிற் கண்ட வழியும் இதுவேயன்றோ! பிணியாளருக்கு மருந்தாக வந்த நீச்சல் பிறகு விளையாட்டாயிற்று. வெளிநாடு செல்லப் பணம் ஏது? கிறிக்கெட் வீரராகிய விஜய் மேர்ச்சன்ட் உடல் ஊனமுற்றோருக்கு உதவும் அமைப்பின் மூலம் பயணச் செலவுக்கு வழி செய்தார். 1968 இல் டெல் அவீவ். 1970 இல் எடின்பரோ. 1972 ஓகஸ்டில் ஹைடல்பேர்க். மியூனிச்சில் ஒலிம்பிக் வீரர்களுக்குக் கட்டிய வீடுகளை ஊனமுற்றோரின் விழாவுக்கு விட்டுக்கொடுக்க இயலாதென்றதால் அவ்விழா ஹைடல்பேர்க் நகருக்கு மாற்றப்பட்டிருந்தது. அங்கே 50 மீற்றர் நீச்சலை 37.33 செக்கனில் முடித்து உலக சாதனையோடு பேட்கர் தங்கம் வென்றார்.

வென்று நாடு திரும்பியவரை நாடு மறந்தது. 1982 இல் அருச்சுனா விருது கேட்டு அவர் விண்ணப்பித்தபோது அது நிராகரிக்கப்பட்டது. பத்மஸ்ரீ விருது வந்தது 2018 இல். கபீர் கான் நெறிப்படுத்த, கார்த்திக் ஆர்யன் நடித்து 2024 ஜூன் மாதம் வெளிவந்த "சந்து சாம்பியன்" என்னும் ஹிந்திப் படம் இக்கதையைக் கூறுகிறது. மற்றைய படங்களைப் போல இதிலும் இசையும் ஆரவாரமும் வேண்டிய அளவுக்கு மேலேயே உண்டு. சிறுவனாக இருந்தபோது மற்றவர்கள் எள்ளி நகையாடிய கதையும், 1952 இல் ஹெல்சிங்கியிற் பதக்கம் பெற்று வந்த மல்லர் ஜாதவுக்கு ஊரார் அளித்த வரவேற்பைக் கண்டு ஏங்கிய கதையும் நீண்டுகொண்டே போகின்றன.

ஆனால் கதையைத் தொடங்கிய இடம் நல்ல இடம். வெற்றிபெற்ற இளைஞராக அன்றி, பொலிஸ் நிலையத்துக்கு முறைப்பாடு சொல்ல வந்த ஒரு முதியவராகவே பேட்கர் முதலில் அறிமுகமாகிறார். தமக்கு உரிய விருதைத் தராதவர்கள்மீது வழக்குத் தொடரவேண்டும் என்கிறார். அதிகாரிகள் நகைக்கின்றனர், பின்னர் அமர்ந்து கேட்கின்றனர். ஸ்ட்ராட்டன் படம் எந்த இடத்தில் முடிந்ததோ, அந்த இடத்துக்குப் பிறகு என்ன நிகழ்ந்தது என்று கேட்டுத் தொடங்குகிறது இந்தப் படம். எழுபத்தைந்து ஆண்டுகளில் இவ்வகைப் படங்கள் கற்றுக்கொண்டது இதுவென்றே கூறலாம்.

2025 ஜனவரி 17 ஆந் திகதி, புதுடில்லி இராஷ்டிரபதி பவனத்தில், வாழ்நாட் சாதனைக்கான அருச்சுனா விருது பேட்கருக்கு வழங்கப்பட்டது. அப்போது படம் வெளிவந்து ஏழு மாதங்கள் ஆகியிருந்தன. ஹைடல்பேர்க்கில் அவர் நீந்தி முடித்து ஐம்பத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.